பேருந்தில் போய்வரத் தெரிவதும் படிப்புதான்

பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை அடுத்து எங்கே சேர்ப்பது என்று பேச வரும் பெற்றோர், மதிப்பெண்ணைப் பற்றிப் பேசுவது கொஞ்ச நேரம்தான். பேச்சு சீக்கிரமே வேறு இடத்துக்குப் போய்விடும். "டீச்சர், பிள்ளைய தெனமும் ஆரு கொண்டு விடுவா? எங்க வீட்டுல வண்டியா இருக்கு?" இராஜாக்கமங்கலம் வட்டாரத்தில் பணியாற்றும் எனக்கு இது பழகிப்போன கேள்வி. மீன்பிடி, கயிறு, கட்டட வேலை என்று பிழைக்கும் குடும்பங்கள் இங்கு அதிகம். காருக்குப் பேச்சே இல்லை. இருசக்கர வண்டி இருக்கும் வீட்டிலும் அது விடியுமுன்னே வேலைக்குக் கிளம்பிவிடும்.

கேள்வி நியாயமானது. ஆனால் நம் வட்டாரத்தின் வரைபடத்தை விரித்துப் பார்த்தால் இன்னொன்று தெரியும். இராஜாக்கமங்கலத்திலிருந்து நாகர்கோவில் போகும் சாலையில், நகரை நெருங்கும்போது கோணம் வருகிறது. அரசு பாலிடெக்னிக், அரசு தொழிற்பயிற்சி நிலையம், அரசு கலை அறிவியல் கல்லூரி, அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி ஆகியவை எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆசாரிபள்ளத்தில் இருக்கிறது. நகரில் இறங்கி இன்னொரு பேருந்து மாறினால் போதும். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அடுத்து நுழைய வேண்டிய வாசல்களில் பல, ஒரு பேருந்துத் தடத்தின் ஓரத்திலேயே இருக்கின்றன. அப்படியிருந்தும் சில பிள்ளைகள் போகாமல் நின்றுவிடுகிறார்கள். பெண் பிள்ளைகள் கூடுதலாக நிற்கிறார்கள்.

வண்டி இல்லாத குறையை ஆசிரியரால் தீர்க்க முடியாது. வண்டி இல்லாமல் போய்வரும் திறனை ஆசிரியரால் கற்பிக்க முடியும். அதைத் தனிப் பாடமாக வைக்க வேண்டியதும் இல்லை. நாம் நடத்தும் கணக்கு, சமூக அறிவியல், தமிழ்ப் பாடங்களுக்குள்ளேயே அதற்கு இடமிருக்கிறது. எட்டு, ஒன்பதாம் வகுப்புகளில் நானும் எங்கள் பள்ளிக் கணக்கு ஆசிரியரும் சேர்ந்து செய்துவரும் செயல்பாடுகளை மற்ற பள்ளிகளும் பயன்படுத்தும் வகையில் இங்கே எழுதுகிறேன்.

கார் இல்லாதவர்களே பெரும்பான்மை

முதலில் பிள்ளைகள் மனத்திலுள்ள ஒரு கூச்சத்தைப் போக்க வேண்டியிருந்தது. வண்டி இல்லாதது தங்கள் வீட்டுக்கு மட்டும் உள்ள குறை என்று பலர் நினைக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடுகளில் உள்ள பொருள்களைப் பற்றியும் கேட்டார்கள். அப்போது இந்தியாவில் 100 வீடுகளை எடுத்துக்கொண்டால், கார், ஜீப், வேன் போன்றவை வைத்திருந்தவை 5-க்கும் குறைவு. மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர் வைத்திருந்தவை 21. மிதிவண்டி வைத்திருந்தவை ஏறத்தாழ 45. அதன் பிறகு வண்டிகள் பெருகியிருப்பது கண்கூடு. ஆனாலும் சொந்தக் கார் இல்லாத வீடே இந்த நாட்டின் வழக்கமான வீடு என்பதைப் புரியவைக்க இந்த எண்கள் உதவுகின்றன. நான் இவற்றைக் கரும்பலகையில் 10-க்கு 10 கட்டமாக வரைந்து வண்ணமிடச் சொல்வேன். 100 கட்டங்களில் 5 கட்டம்கூட நிறையாததைப் பார்க்கும்போது விழுக்காடும் புரிகிறது, கூச்சமும் குறைகிறது.

பணக்கார நாடுகளிலும் இதே நிலை உண்டு. சிங்கப்பூரில் கார் வாங்க முதலில் அதற்கான உரிமச் சான்றை ஏலத்தில் எடுக்க வேண்டும். அதன் விலையே மிக அதிகம். அங்கே பெரும்பாலான மக்கள் பேருந்தையும் 1987-இல் ஓடத் தொடங்கிய மெட்ரோ ரயிலையும் நம்பித்தான் வேலைக்குப் போகிறார்கள். அந்த ரயில் நிலையங்களின் பெயர்ப்பலகைகளில் தமிழும் இருக்கிறது என்று சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

போய்வரத் தெரிவது என்றால் என்ன?

நாள்தோறும் பேருந்தில் போகும் பெரியவர்களுக்கு இது ஓர் அறிவு என்றே தோன்றாது. பிரித்துப் பார்த்தால்தான் அதற்குள் எத்தனை இருக்கிறது என்பது தெரியும். வண்டியின் பெயர்ப்பலகையையும் தட எண்ணையும் தூரத்திலேயே படிக்க வேண்டும். ஒரே ஊருக்கு வேறு வேறு வழியாகப் போகும் வண்டிகளைப் பிரித்தறிய வேண்டும். எங்கே இறங்கி எங்கே மாறுவது என்று தெரிய வேண்டும். அடுத்த வண்டிக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், கடைசி வண்டி எப்போது என்பது நினைவிருக்க வேண்டும். தெரியாததைக் கூச்சப்படாமல் கேட்கவும், கேட்கக்கூடிய ஆளைத் தேர்ந்தெடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

நாகர்கோவிலையே எடுத்துக்கொள்வோம். வெளியூர்ப் பேருந்துகளுக்கு வடசேரி, நகரப் பேருந்துகளுக்கு மீனாட்சிபுரத்திலுள்ள அண்ணா பேருந்து நிலையம் என்று இரண்டு பேருந்து நிலையங்கள். ரயிலுக்கும் நாகர்கோவில் சந்திப்பு, நாகர்கோவில் டவுன் என்று இரண்டு நிலையங்கள். 'நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டில் இறங்கு' என்று சொல்லி அனுப்பினால், தனியாகப் போகும் பிள்ளை எந்த நிலையம் என்று திகைத்து நிற்கும்.

சில நாடுகள் இதைப் பள்ளியின் பொறுப்பாகவே வைத்திருக்கின்றன. நெதர்லாந்தில் தொடக்கப் பள்ளியை முடிக்கும் வயதில், அதாவது 11, 12 வயதில், பிள்ளைகள் போக்குவரத்துத் தேர்வு எழுதுகிறார்கள். உண்மையான சாலையில் மிதிவண்டி ஓட்டியும் காட்டுகிறார்கள். ஜப்பானில் பல ஊர்களில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் தெருத் தெருவாகக் குழு சேர்ந்து பள்ளிக்கு நடந்து போகிறார்கள். மூத்த பிள்ளை முன்னால் நடந்து சிறியவர்களை வழிநடத்தும். நம் பாடநூல்களிலும் சாலைப் பாதுகாப்பு இருக்கிறது. விபத்தைத் தவிர்ப்பதோடு நிற்காமல், நினைத்த இடத்துக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர்வதுவரை அதை நீட்டினால் போதும்.

செயல்பாடு 1: நாமே எழுதும் கால அட்டவணை

சிற்றூர் நிறுத்தங்களில் பெரும்பாலும் கால அட்டவணை இருக்காது. வண்டி எப்போது வரும் என்பது பக்கத்துக் கடைக்காரருக்கும் நாள்தோறும் போகிறவர்களுக்கும்தான் தெரியும். அந்த அறிவை ஏட்டில் ஏற்றுவதே முதல் செயல்பாடு.

நிறுத்தத்துக்கு அருகில் வீடுள்ள பிள்ளைகளை நான்கு குழுக்களாகப் பிரித்தேன். காலை, மாலை வேளைகளில் தங்கள் வீட்டிலிருந்தோ கடைத் திண்ணையிலிருந்தோ, ஒரு வாரம், வண்டி வந்த நேரம், தட எண், போகும் ஊர், எந்த வழி என்று நான்கு பத்திகளில் குறித்துவர வேண்டும். சாலையைக் கடக்கக் கூடாது. இருட்டிய பிறகு நிற்கக் கூடாது. இந்த இரண்டு விதிகளையும் பெற்றோருக்கும் சொல்லியிருந்தேன். இரவு வண்டிகளின் நேரத்தைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதினார்கள். வார முடிவில் குறிப்புகளை ஒப்பிட்டு, பெரும்பாலான நாள்களில் வந்த நேரத்தை அட்டவணையில் எழுதினோம். நேரத்தை 24 மணி நேர முறையிலும் எழுதச் செய்தோம். ரயில் கால அட்டவணை அந்த முறையில்தான் இருக்கும்.

அடுத்து கணக்கு. மாதிரிக்கு, காலை 7.05, 7.20, 7.50, 8.40 ஆகிய நேரங்களில் வண்டி வருவதாகக் கொள்வோம். இடைவெளிகள் 15, 30, 50 நிமிடங்கள். கூட்டினால் 95, சராசரி ஏறத்தாழ 32 நிமிடம். ஆனால் 7.55-க்கு நிறுத்தத்துக்கு வரும் ஒருவர் 45 நிமிடம் நிற்க வேண்டும். சராசரி சொல்வதும் மனிதர் படுவதும் வேறு வேறாக இருக்கலாம் என்பதைப் பாடநூல் எடுத்துக்காட்டைவிட இது நன்றாக உணர்த்தியது. வீச்சு என்றால் என்ன என்று அதற்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிள்ளைகள் முடித்த அட்டவணையைச் சார்ட்டில் எழுதி, நிறுத்தத்தின் அருகிலிருந்த தேநீர்க் கடைச் சுவரில் கடைக்காரர் அனுமதியோடு ஒட்டினார்கள். நேரம் மாறும்போது அவரே பேனாவால் திருத்தினார். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு நிற்பதைக் கண்டபோது பிள்ளைகளுக்கு ஏற்பட்ட பெருமிதத்தை எந்த மதிப்பெண்ணும் தந்திருக்காது.

செயல்பாடு 2: கோட்டு வரைபடம்

இரண்டாவது, தடத்தின் வரைபடம். அளவு மாறாத நிலவரைபடம் தேவையில்லை. நேரான ஒரு கோடு. அதில் நிறுத்தங்கள் புள்ளிகள். இராஜாக்கமங்கலத்தில் தொடங்கி எறும்புக்காடு, கோணம் என்று நகர்வரை பிள்ளைகள் நினைவிலிருந்து எழுதுவார்கள். விட்டுப்போன நிறுத்தங்களை அடுத்த முறை போகும்போது பார்த்துவந்து சேர்ப்பார்கள். ஒவ்வொரு புள்ளியின் மேலும் அங்கே என்ன இருக்கிறது என்று சின்னப் படம்: கல்லூரி, மருத்துவமனை, அஞ்சலகம், நூலகம், வங்கி. வண்டி மாறும் இடத்தில் இரட்டை வட்டம். மேற்கே மணவாளக்குறிச்சி, குளச்சல் பக்கம் போகும் கடற்கரைச் சாலைக்கு இன்னொரு நிறத்தில் கோடு.

பெருநகர ரயில் வரைபடங்கள் எல்லாம் இந்த முறையில் வரைந்தவைதான். கணக்குப் பாடத்தில் தகவல் செயலாக்கம் இயலில் வரும் வழி காணும் பயிற்சிகளையும் இதோடு இணைக்கலாம். வரைபடம் முடிந்ததும் இப்படி ஒரு கேள்வி கொடுப்போம்:

'காலை 9.30-க்கு ஆசாரிபள்ளம் மருத்துவமனையில் இருக்க வேண்டும். வீட்டிலிருந்து நிறுத்தத்துக்கு நடை 15 நிமிடம். முதல் பேருந்துப் பயணம் 40 நிமிடம். மாறுவதற்குக் காத்திருப்பு 15 நிமிடம். இரண்டாவது பேருந்து 20 நிமிடம். எத்தனை மணிக்கு வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும்?'

எல்லாவற்றையும் கூட்டினால் 90 நிமிடம், ஆகவே 8.00 மணி என்று பிள்ளைகள் விடை சொல்வார்கள். 'அப்படியானால் நிறுத்தத்துக்கு 8.15-க்கு வருவீர்கள். நம் மாதிரி அட்டவணையைப் பாருங்கள்' என்பேன். 7.50 வண்டி போயிருக்கும், அடுத்தது 8.40. எனவே 7.50 வண்டியைப் பிடிக்க 7.35-க்கே கிளம்ப வேண்டும். சேர வேண்டிய நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, கிடைக்கும் வண்டியோடு அதைப் பொருத்துவது நேர்காணலுக்கும் தேர்வு மையத்துக்கும் போகிறவர்களுக்கு வாழ்நாள் முழுதும் உதவும்.

செயல்பாடு 3: மைதானத்தில் ஒரு பேருந்து

ஒரு கார் ஏறத்தாழ 4 மீட்டர் நீளமும் 1.7 மீட்டர் அகலமும் கொண்டது, பரப்பு 6.8 சதுர மீட்டர். ஒரு பேருந்து ஏறத்தாழ 11 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம், பரப்பு 27.5 சதுர மீட்டர். அதாவது ஒரு பேருந்து நிற்கும் இடத்தில் நான்கு கார்கள் நிற்கும். பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் இரண்டையும் வரையச் செய்து, ஒரு பக்கம் நான்கு கார்களுக்குள் வண்டிக்கு இருவராக எட்டுப் பேரையும், இன்னொரு பக்கம் பேருந்துக்குள் 50 பேரையும் நிற்க வைத்தோம். பக்கத்து வகுப்புப் பிள்ளைகளையும் கூப்பிட்டுத்தான் பேருந்தை நிரப்ப முடிந்தது.

ஒரு மாணவன் எழுந்து, "காருக்குள்ளயும் அஞ்சு பேர் ஏறலாமே டீச்சர்" என்றான். ஏற்றிப் பார்த்தோம். அப்போதும் 20 பேர்தான். ஓடும்போது ஒவ்வொரு வண்டிக்கும் முன்னும் பின்னும் இடைவெளி வேண்டும் என்பதையும் சேர்த்தால் வேறுபாடு இன்னும் கூடும். 2006-இல் வெளியான தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, சாலையின் இடத்தை வண்டிகளுக்காக அன்றி மனிதர்களுக்காகப் பங்கிட வேண்டும் என்று வலியுறுத்தியது. அந்தக் கொள்கையை இந்தச் சுண்ணாம்புக் கோட்டுக்குள் நின்றே பிள்ளைகள் புரிந்துகொண்டார்கள். நாகர்கோவிலின் குறுகலான வீதிகளில் ஏன் நெரிசல் என்ற கேள்விக்கும் அவர்களே விடை சொன்னார்கள்.

செயல்பாடு 4: வண்டியின் முழுச் செலவு

ஒன்பதாம் வகுப்பு வந்ததும் பையன்களுக்கு வண்டி ஆசை வந்துவிடுகிறது. 'வண்டி வேண்டாம்' என்று அறிவுரை சொல்வதைவிடக் கணக்குப் போடச் சொல்வது பயன் தருகிறது. ஒருவழித் தூரம் 12 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் போகவர 24 கிலோமீட்டர். லிட்டருக்கு 48 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் பெட்ரோல். எளிமைக்காக லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் நாளைக்கு 50, மாதம் 25 நாளைக்கு 1,250, பத்து மாதத்துக்கு 12,500 ரூபாய். இது பெட்ரோல் மட்டும். கடன் தவணை, காப்பீடு, பழுதுபார்ப்பு, டயர் ஆகியவற்றை வீட்டில் வண்டி உள்ளவர்கள் கேட்டுவந்து சேர்ப்பார்கள்.

மறுபக்கத்தில், அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்குக் கட்டணமில்லாப் பயண அட்டை இருக்கிறது. அரசு கலை அறிவியல் கல்லூரி, அரசு பாலிடெக்னிக், அரசு தொழிற்பயிற்சி நிலைய மாணவர்களுக்கும் அது உண்டு. பத்தாம் வகுப்போடு பஸ் பாஸ் முடிந்துவிடும் என்று நினைக்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். இந்த ஒரு செய்தியைச் சொன்னாலே சில வீடுகளில் முடிவு மாறும்.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. கியர் உள்ள இருசக்கர வண்டி ஓட்ட 18 வயது நிறைய வேண்டும். 50 சி.சி.-க்கு மேற்படாத கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் 16 வயது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளருக்கு 3 ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயதுவரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. பெற்றோர் கூட்டத்தில் இதை ஒரு முறையாவது வாசித்துக் காட்ட வேண்டும்.

செயல்பாடு 5: பேருந்திலேயே களப்பயணம்

களப்பயணம் என்றாலே வேன் பேசுவது வழக்கம். வேனில் போனால் பிள்ளைகள் இடத்தைப் பார்ப்பார்கள்; வழியைப் பார்க்க மாட்டார்கள். ஆகவே ஒரு பயணத்தை மட்டும் நகரப் பேருந்தில் வைத்துக்கொண்டோம். தலைமையாசிரியரின் அனுமதி, பெற்றோரின் ஒப்புதல் கடிதம், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் இருவர் துணை ஆகியவற்றோடு, கூட்டம் குறைந்த முற்பகலில் கிளம்பினோம். போன இடங்கள் அண்ணா பேருந்து நிலையம், மாவட்ட மைய நூலகம், நாகர்கோவில் சந்திப்பு ரயில் நிலையம்.

பொறுப்புகள் பிள்ளைகளுடையவை. ஐந்து பேர் கொண்ட குழுவில் ஒருவர் நேரம் பார்ப்பார். ஒருவர் நிறுத்தங்களை வரைபடத்தில் குறிப்பார். ஒருவர் எல்லோரும் ஏறினார்களா இறங்கினார்களா என்று எண்ணுவார். ஒருவர் கண்டக்டரிடமும் நேரக் காப்பாளரிடமும் விசாரிப்பார். ஒருவர் பை, தண்ணீர், பணத்தைப் பார்த்துக்கொள்வார். பெரியவர்கள் பின்னால் நிற்போம். கேட்டால் மட்டும் சொல்வோம்.

கிளம்புமுன் வகுப்பில் ஒத்திகை பார்த்தோம். வழி கேட்பது எப்படி, முதியவர்க்கும் கைக்குழந்தையோடு வருபவர்க்கும் இடம் கொடுப்பது, படிக்கட்டில் நிற்காதது, வண்டி நின்ற பிறகே இறங்குவது, இறங்கியதும் வண்டிக்கு முன்னால் சாலையைக் கடக்காதது. யாரேனும் தொல்லை கொடுத்தால் சத்தமாகச் சொல்ல வேண்டும்; கண்டக்டரிடமோ பக்கத்திலுள்ள பெண்களிடமோ போக வேண்டும். அவசர உதவிக்கு 112, குழந்தைகள் உதவிக்கு 1098, பெண்கள் உதவிக்கு 181 ஆகிய எண்களைப் பயணக் குறிப்பேட்டின் உள்ளட்டையில் எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

வகுப்பில் வாய் திறக்காத ஒரு மாணவிக்குத்தான் விசாரிக்கும் பொறுப்பு விழுந்தது. பேருந்து நிலையத்தில் முதல் இரண்டு பேரிடம் அவள் குரல் எழும்பவில்லை. மூன்றாவதாக ஒரு பாட்டியிடம் கேட்டாள். "ஆசாரிபள்ளமா மக்கா? அந்தா நிக்கில்லா, அதுதான்" என்று பாட்டி கைகாட்டினார். திரும்பி வரும்போது எந்த வண்டி என்று மற்றவர்கள் அவளிடம்தான் கேட்டார்கள்.

வழி திறந்த வரலாறு

சமூக அறிவியல் வகுப்பில் இதையே வரலாறாக்கினேன். தாத்தா, பாட்டியிடம் 'உங்கள் காலத்தில் நாகர்கோவிலுக்கு எப்படிப் போனீர்கள்?' என்று கேட்டுவரச் சொன்னேன். மாட்டுவண்டி, வாடகை மிதிவண்டி, தலையில் மீன்கூடையோடு நடந்த பெண்கள் என்று பதில்கள் வந்தன. அவற்றை ஒரு காலக்கோட்டில் பொருத்தினோம்.

நம் மாவட்டம் அப்போது திருவிதாங்கூர் அரசின் பகுதி. 1938 பிப்ரவரி 20 அன்று அந்த அரசு தன் சொந்தப் பேருந்துச் சேவையைத் தொடங்கியது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. 1979-இல் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கும், 1981-இல் நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கும் ரயில் வந்தது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். அதுவே விடியல் பயணத் திட்டம்.

இந்தக் காலக்கோட்டின் நடுவில் நான் வலியுறுத்திச் சொல்வது புதுக்கோட்டையை. 1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவைக் கொண்டுசென்றபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் மிதிவண்டி ஓட்டப் பழகுவதையும் இயக்கத்தின் பகுதியாக்கினார். ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் கேலியையும் பொருட்படுத்தாமல் பழகினார்கள். வயல் வேலை செய்பவர்கள், கல் குவாரித் தொழிலாளர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று பலரும் அவர்களில் இருந்தார்கள். எழுதப் படிக்கக் கற்பதும் தானாகப் போய்வரக் கற்பதும் ஒரே விடுதலையின் இரண்டு பக்கங்கள் என்பதை அந்த இயக்கம் காட்டியது. இன்று நம் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் விலையில்லா மிதிவண்டியை அந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கச் சொல்வேன். வீட்டிலிருந்து நிறுத்தம்வரை மிதிவண்டி, அங்கிருந்து பேருந்து என்று இணைத்தால் நிறுத்தம் தூரமாக உள்ள வீடுகளுக்கும் வழி பிறக்கும்.

பேருந்து தீர்க்காதவை

இந்தச் செயல்பாடுகளைச் செய்த வகுப்பில் படித்த ஒரு மாணவி பாலிடெக்னிக்கில் சேர விரும்பினாள். தாய் தயங்கினார். சேர்க்கைக்கு முன்னால் ஒருநாள், மகள் வழிகாட்ட, தாயும் மகளும் அதே நேரத்து வண்டியில் கோணம்வரை போய்த் திரும்பினார்கள். அம்மா மறுநாள் வந்து, "அவளுக்கு என்னவிட நல்லாத் தெரியுது டீச்சர்" என்றார். அவள் சேர்ந்தாள். அதே ஆண்டில் இன்னொரு மாணவிக்கு அது நடக்கவில்லை. நிறுத்தத்திலிருந்து அவள் வீடு தூரம், மாலை வண்டி பிடித்து வருவதற்குள் இருட்டிவிடும், வழியில் விளக்கில்லை. அந்தத் தாயின் அச்சத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

திறனைக் கற்பித்தால் மட்டும் போதாது, வழியும் இருக்க வேண்டும். நீண்ட இடைவெளி, நிழற்குடை இல்லாத நிறுத்தம், பிதுங்கும் கூட்டம், சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையால் ஏற முடியாத படி ஆகியவையெல்லாம் பிள்ளைகள் சரிசெய்யக்கூடியவை அல்ல. ஆனால் அவற்றை எடுத்துச் சொல்லப் பிள்ளைகளால் முடியும். தமிழ்ப் பாடத்தில் விண்ணப்பக் கடிதம் இருக்கிறது. கற்பனைத் தெருவிளக்குக்கு எழுதுவதற்குப் பதிலாக, தாங்களே தொகுத்த அட்டவணையை இணைத்துப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு எழுதலாம். 'பேருந்து வசதி இல்லை' என்று பொதுவாக எழுதுவதைவிட, 'மாலை இந்த நேரத்துக்கும் இந்த நேரத்துக்கும் இடையே வண்டி இல்லை. அப்போதுதான் கல்லூரி விடுகிறது' என்று எழுதும் கடிதத்துக்கு எடை அதிகம். தெருவிளக்கு, நிழற்குடை போன்றவற்றுக்குக் கிராம சபை இருக்கிறது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் அது கூடுகிறது. பெற்றோர் வழியாகப் பிள்ளைகளின் வரைபடம் அங்கே போகலாம். எங்கள் பிள்ளைகள் விளக்கில்லாத அந்த வழியைச் சிவப்பு நிறத்தில் குறித்து ஒரு வரைபடம் கொடுத்திருக்கிறார்கள்.

உங்கள் பள்ளியில் செய்ய

இதற்குத் தனி நிதி தேவையில்லை. சார்ட், சுண்ணாம்புப் பொடி, ஒரு நாள் பயணம் போதும். தொடக்கப் பள்ளியில் பெயர்ப்பலகை வாசிப்பு, ஊர்ப் பெயர்களை அகர வரிசைப்படுத்துதல், நிறுத்தங்களை எண்ணுதல் என்று தொடங்கலாம். நடுநிலை வகுப்புகளில் அட்டவணையும் கோட்டு வரைபடமும். உயர்நிலையில் செலவுக் கணக்கு, பின்னோக்கித் திட்டமிடல், களப்பயணம், விண்ணப்பக் கடிதம். மலைப் பகுதிப் பள்ளியில் மினி பஸ்ஸையும், பெருநகரப் பள்ளியில் மின்சார ரயிலையும் மெட்ரோவையும் வைத்து இதே செயல்பாடுகளை மாற்றிக்கொள்ளலாம். பேருந்தே வராத ஊரானால், அருகிலுள்ள நிறுத்தம்வரை நடக்கும் வழியே பாடம். சாதாரணமாக நடந்தால் மணிக்கு 4 கிலோமீட்டர் என்ற கணக்கிலிருந்து தொடங்கலாம்.

மதிப்பீட்டுக்கு ஒரே கேள்வி போதும்: 'நீ இதுவரை போகாத ஓர் இடத்துக்கு, வீட்டு வாசலிலிருந்து, வண்டி இல்லாமல், சரியான நேரத்துக்குப் போய், இருட்டுவதற்குள் திரும்புவதற்கான திட்டத்தை எழுது.' இதற்கு நேரம், தடம், மாறும் இடம், செலவு, வண்டி தவறினால் மாற்று வழி ஆகிய ஐந்தையும் எழுதுகிற பிள்ளை தேறிவிட்டது.

இதை ஒன்பதாம் வகுப்பு முடிவதற்குள் செய்துவிடுவது நல்லது. பத்தாம் வகுப்பில் தேர்வு நேரத்தை எடுத்துக்கொள்ளும். முடிவு வந்த பிறகோ, எங்கே சேர்ப்பது என்பதைச் சில நாள்களிலேயே வீட்டில் தீர்மானித்துவிடுகிறார்கள்.